மதியம் மட்டும் பாயிண்டில் தடம் புரளும் மூன்றாவது பெட்டி (எச்ஓ, 16.5 மி.மீ.)

#1 மாடி_ரயில் | திருச்சி

வணக்கம். என் மாதிரி ரயில் பாதையில் மூன்று வாரமாக ஒரே ஒரு பாயிண்டோடு (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி தனியாக ஆகாது என்று இங்கே வந்துவிட்டேன்.

மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை. 8 × 4 அடி ப்ளைவுட், எச்ஓ (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), 'கோட் 100' உயரத் தண்டவாளம். ஸ்டேஷனுக்குள் நுழையும் இடத்தில் இடப்பக்கம் பிரியும் பாயிண்ட், 610 மி.மீ. ரேடியஸ். டீசல் என்ஜின் ஒன்று, ஐசிஎஃப் பெட்டிகள் ஐந்து. நேர் பாதையில் விட்டால் தொந்தரவே இல்லை. லூப்புக்கு, அதாவது பிரியும் பக்கப் பாதைக்கு, திருப்பினால் மூன்றாவது பெட்டியின் முன்போகி (பெட்டியின் அடியில் நாலு சக்கரம் உள்ள முன்சட்டம்) இறங்கிவிடுகிறது. எப்போதும் அதே பெட்டிதான். லூப்பிலிருந்து வெளியே வரும்போது ஒன்றும் ஆவதில்லை.

இறங்கும் இடம் கிராசிங்கின் மூக்கு, அதாவது இரண்டு பாதையின் தண்டவாளங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ள V முனை. நல்லபடியாக ஓடும்போதுகூட அந்தப் பெட்டி மூக்கில் 'டக்' என்று ஒரு துள்ளு துள்ளித்தான் போகும்.

விசித்திரம் என்னவென்றால், காலையில் பத்துத் தடவை விட்டாலும் இறங்காது. மதியம் ஒரு மணிக்கு மேல் பத்தில் ஆறு தடவை இறங்குகிறது. பேய் பிசாசு தவிர எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன்.

#2 அரம்_மன்னன்

மூக்கில் துள்ளுகிறது, மூக்கில் விழுகிறது. அப்புறம் என்ன சந்தேகம்? ஊசி அரம் எடுத்து மூக்கின் முனையை நாலு இழு இழுங்கள். பிளாஸ்டிக் பிசிறு ஏதாவது இருக்கும். பத்து நிமிட வேலை.

#3 மாடி_ரயில்

இழுத்தாயிற்று, போன வாரமே. இப்போது துள்ளு கொஞ்சம் பலமாகவே கேட்கிறது.

#4 ஓய்வு_பாதைக்காரர்

தம்பி, முதலில் அரத்தைக் கீழே வையுங்கள்.

நான் விருத்தாசலம் பக்கம் நிஜத் தண்டவாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரனுக்காக இந்தப் பொம்மை ரயில் பக்கம் வந்தேன். இப்போது பேரன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான், நான் மட்டும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி இறங்கிவிட்டது என்று தகவல் வந்ததும் நாங்கள் பெட்டி கிடக்கும் இடத்தைப் பார்க்க மாட்டோம். அங்கிருந்து பின்னால் நடந்து வருவோம். ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) தண்டவாளத்தின் தலைமேல் ஏறி உருண்ட கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோடு தொடங்கும் இடம் 'ஏறின இடம்', முடியும் இடம் 'விழுந்த இடம்'. ஏறின இடத்துக்குச் சுழி என்று நம்பர் போட்டு, அதற்குப் பின்னால் வரிசையாக கேஜ், லெவல், திருகல் எல்லாம் அளப்போம். விழுந்த இடத்தில் உடைந்து கிடப்பதெல்லாம் விளைவு. காரணம் பெரும்பாலும் அங்கே இருக்காது.

நீங்கள் சொல்வது விழுந்த இடம். ஏறின இடம் எது?

#5 குட்டிப்பாதை | பெங்களூரு

ஐயா சொன்னதைச் சின்ன அளவில் செய்ய ஒரு வழி இருக்கிறது. அந்த முன்போகியின் நாலு சக்கரத்திலும் ஃபிளாஞ்சின் நுனியில் மட்டும் ஒயிட்போர்டு மார்க்கரால் மை தடவுங்கள். ஈரமாக இருக்கும்போதே பெட்டியை விடுங்கள். ஃபிளாஞ்ச் எங்கே தண்டவாளத்தின் தலைமேல் ஏறியதோ அங்கிருந்து மெல்லிய கோடு விழும். மறுபடி துணியால் துடைத்துவிடலாம்.

கூடவே போனை ஸ்லீப்பர் மட்டத்தில் படுக்கவைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது, பெட்டியே மறைத்துவிடும்.

நான் ஓட்டுவது இன்னும் சின்ன 'N' ஸ்கேல், 9 மி.மீ. பாதை. அதில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பதே கிடையாது. ஒருமுறை ஜல்லி ஒட்ட பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியபோது ஒரு சொட்டு நாக்குத் தண்டவாளத்துக்கு (பாயிண்டில் இப்படியும் அப்படியும் நகரும் கூர்முனைத் துண்டு) அடியில் போய்விட்டது. நாக்கு நகரத்தான் செய்தது, ஆனால் கடைசி அரை மில்லி நகரவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் குற்றமே செய்யாத இரண்டு பெட்டிகளின் போகியைக் கழற்றி மாற்றியிருந்தேன்.

#6 தூக்கிப்போடு

ஸ்பீடைக் குறையுங்க பாஸ். இல்லையென்றால் அந்தச் சின்ன பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 1524 மி.மீ. ரேடியஸ் பெரிய பாயிண்ட் வாங்குங்க. வாழ்க்கை நிம்மதி.

#7 மாடி_ரயில்

8 அடிப் பலகையில் பெரிய பாயிண்ட் போட்டால் ஸ்டேஷன் பக்கத்து வீட்டு மாடியில்தான் வரும், நண்பா. மெதுவாக விட்டாலும் இறங்குகிறது. சொல்லப்போனால் மெதுவாக விட்டால்தான் அதிகம் இறங்குகிறது.

குட்டிப்பாதை அக்கா, மார்க்கர் வாங்கிவிட்டேன். நாளை மதியம் பார்க்கிறேன்.

#8 டொராண்டோ_கூட்ஸ்

பெட்டியின் எடையையும் ஒருக்கால் பாருங்கோ. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) கணக்கு எச்ஓவுக்கு ஒரு அவுன்ஸ், அதுக்கு மேல் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். ஐசிஎஃப் பெட்டி நிஜத்தில் 21.3 மீட்டர், 87இல் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 24.5 செ.மீ. கணக்குப் போட்டால் 165 கிராம் வரும். அதைவிட நல்லாக் குறைவு என்றால் பின்னால் வருகிற பெட்டிகளின் இழுப்பிலேயே வளைவில் தூக்கிவிடும்.

கொக்கியையும் பாருங்கோ. கேடீ கம்பெனியின் கப்ளர் என்றால் கீழே வளைந்து தொங்குகிற கம்பி பாயிண்டின் நடுவிலே தட்டும். அதுக்கு அவையளின் 205ஆம் நம்பர் உயர அளவுகோல் இருக்கு.

#9 மாடி_ரயில்

எடை 118 கிராம். கொக்கி தட்டவில்லை, பார்த்துவிட்டேன். ஆனால் எடை ஐந்து பெட்டிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவது மட்டும் ஏன்?

இன்னொன்று. மூன்றாவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஐந்தாவது இடத்தில் இருந்துகொண்டு அதுவேதான் இறங்குகிறது.

#10 டொராண்டோ_கூட்ஸ்

அப்ப பெட்டியில் ஏதோ இருக்கு. ஆனா மதியம் மட்டும் என்றால் பாதையிலும் ஏதோ இருக்கு. ரெண்டு கையும் சேர்ந்தால்தானே ஓசை.

#11 மாடி_ரயில்

மார்க்கர் முடிவு வந்துவிட்டது. எழுதவே கை நடுங்குகிறது.

மதியம் 2:10. முதல் இரண்டு தடவை ஒழுங்காகப் போனது, கோடு இல்லை. மூன்றாவது தடவை இறங்கியது. மை கோடு தொடங்கிய இடம் மூக்கே இல்லை. வலப்பக்க நாக்கின் நுனி! அங்கே ஏறி, தண்டவாளத்தின் தலைமேலேயே உருண்டு, மூக்குக்குப் பக்கத்தில்தான் கீழே விழுந்திருக்கிறது. ஸ்லோமோஷனிலும் அதேதான். நாக்கைத் தாண்டும்போது சக்கரம் ஒரு நூலளவு உயர்வது தெரிகிறது. என் கண்ணுக்கு விழுந்தது மட்டும்தான் இத்தனை நாள் தெரிந்திருக்கிறது.

மூக்கை வீணாக அராவிவிட்டேன்.

#12 ஓய்வு_பாதைக்காரர்

நல்லது. இனி வேலை சுலபம்.

எங்கள் பாதையில் ஒரு சோதனை உண்டு. நாக்கின் நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி, நாக்குக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் (நாக்கு போய் ஒட்ட வேண்டிய, நகராத தண்டவாளம்) நடுவில் 5 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் துண்டை வைத்து பாயிண்டைப் போட்டுப் பார்ப்போம். அப்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, வண்டிக்கு வழிவிடும் சிக்னலும் விழக் கூடாது. அதாவது நாக்கு அவ்வளவு விலகி நின்றால் வண்டியை அதன்மேல் விட மாட்டோம்.

அந்த 5 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 0.06 மி.மீ.கூட இல்லை. மளிகைக் கடை பில் காகிதம் கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். ஒரு துண்டு பில்லை நாக்கின் நுனிக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவில் வைத்து, பாயிண்டை லூப்புக்குப் போட்டு, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு கிழிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் நாக்கு ஒட்டவில்லை.

காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை.

#13 மாடி_ரயில்

காலை 7 மணி: காகிதம் கிழிந்தது.

மதியம் 2 மணி: ஒரு காகிதம் வழுக்குகிறது. இரண்டாக மடித்து வைத்தேன், அதுவும் வழுக்குகிறது. நாலாக மடித்தால்தான் பிடிக்கிறது.

#14 குட்டிப்பாதை

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, ஒரு பில் காகிதத்துக்காக.

#15 ஓய்வு_பாதைக்காரர்

இரண்டு கேள்வி. தண்டவாள இணைப்புகளையெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறீர்களா? எங்காவது இடைவெளி விட்டிருக்கிறீர்களா?

#16 மாடி_ரயில்

எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டேன் சார். கரண்ட் ஒழுங்காகப் போக வேண்டுமே என்று. இடைவெளி எங்கேயும் விடவில்லை. கண்ணுக்கு அழகாக, ஒரே கம்பி மாதிரி இருக்கிறது.

#17 ஓய்வு_பாதைக்காரர்

அங்கேதான் இருக்கிறது.

நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 மி.மீ. நீளும். பலகையின் நீளம் 2.4 மீட்டர். திருச்சி மே மாதத்தில், தகரத்துக்கு அடியில், காலைக்கும் மதியத்துக்கும் 19, 20 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். கணக்குப் போட்டால் முக்கால் மில்லிக்குக் கொஞ்சம் மேல். ப்ளைவுட் சூட்டுக்கு அவ்வளவு நீளாது. ஆக அந்தக் கம்பி போக இடமில்லாமல் எங்காவது வயிற்றைத் தள்ளும். எங்கே தள்ளும்? ஆணி இல்லாத, பலவீனமான இடத்தில். பாயிண்டின் நுனிப் பக்கம் நாக்கு நகர வேண்டும் என்பதால் ஸ்டாக் ரெயிலுக்கு உள்பக்கப் பிடிப்பு குறைவு. அது வெளியே பிதுங்குகிறது, நாக்கோ தன் ஸ்பிரிங் தள்ளும் வரைதான் வரும். நடுவில் உங்கள் நாலு மடிப்பு பில்.

நிஜப் பாதையில் இதற்காகவே வெயில் காலத்தில் மதியம் ஆள் போட்டுப் பாதையோடு நடக்கவைப்போம். நானும் நடந்திருக்கிறேன். தலையில் ஈரத் துண்டு, கையில் சிவப்புக் கொடி, காலுக்குக் கீழே ஜல்லி நெருப்பாக இருக்கும்.

#18 டொராண்டோ_கூட்ஸ்

எங்களுக்கு இதே வருத்தம் தலைகீழாக வரும். பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டால் பேஸ்மன்ட் காற்று காய்ந்து மரச்சட்டம் சுருங்கும். தண்டவாளம் சுருங்காது. ஜனவரியில் பாதை நெளிந்து நிக்கும். வெளியே மைனஸ் 15, உள்ளே தண்டவாளம் வெயிலில் கிடந்த மாதிரி வளைஞ்சிருக்கும்.

சரி, இப்ப பெட்டிக்கு வருவம். மற்ற நாலு பெட்டியும் அதே இடைவெளி மேலேதானே போகுது. இது மட்டும் ஏன் ஏறுது? வெர்னியர் காலிப்பர் இருந்தால் சக்கரத்தின் உள்முதுகுக்கும் உள்முதுகுக்கும் இடையில் அளந்து சொல்லுங்கோ. 14.4, 14.5 இருக்கவேணும்.

#19 மாடி_ரயில்

ஒவ்வொரு அச்சாக அளந்தேன். நாலு பெட்டியிலும் 14.4இலிருந்து 14.5. மூன்றாவது பெட்டி, பின்போகி 14.5, 14.5.

முன்போகியில் பின் அச்சு 14.5. முன் அச்சு 14.9.

ஒப்புக்கொள்கிறேன். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்குப் பிடிக்கிறது என்று பொங்கலின்போது அந்த ஒரு போகிக்கு மட்டும் இரும்புச் சக்கரம் மாட்டினேன். ஒரு சக்கரம் ஆடியது. கொஞ்சம் இழுத்துவைத்து பெவிக்விக் விட்டேன். அளக்கவில்லை.

#20 குட்டிப்பாதை

எனக்கு ஒன்று புரியவில்லை. அகலமாக இருந்தால் எப்படி நாக்கில் ஏறும்? குறுகலாக இருந்தால்தானே ஆட்டம் அதிகம்?

#21 டொராண்டோ_கூட்ஸ்

நல்ல கேள்வி. பாதையின் உள்ளகலம் 16.5. சாதாரண அச்சில் முதுகுக்கு முதுகு 14.5, ரெண்டு பக்க ஃபிளாஞ்சும் தலா 0.7 சொச்சம் சேர்த்தால் 16 மி.மீ. வரும். அரை மில்லி இடம் இருக்கு. அதனால் வலப்பக்க ஃபிளாஞ்ச் ஸ்டாக் ரெயிலை விட்டு ஒரு பொட்டு விலகியே நாக்கைத் தாண்டலாம். எப்பவும் விலகியே போகும் என்று இல்லை, அதிர்ஷ்டமும் வேணும். ஆனா தப்ப வழி இருக்கு.

14.9 அச்சுக்கு அந்த வழியே இல்லை. ரெண்டு பக்கமும் தண்டவாளத்தை உரசிக்கொண்டுதான் வரும். உரசிக்கொண்டு வரும் ஃபிளாஞ்ச், விலகி நிற்கிற நாக்கின் நுனியை நேராகப் போய்க் குத்தும். மெதுவாகப் போனால் நுனியில் ஏற நேரமும் கிடைக்கும். வெளியே வரும்போது நாக்கின் அடியிலிருந்து நுனிப் பக்கம் வருவதால் குத்த நுனி இல்லை.

மூக்கில் கேட்ட 'டக்' சத்தமும் இதே அச்சுதான். மூக்குக்கு எதிரே செக் ரெயில் எதுக்கு இருக்கு? மறுபக்கச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுத்து, இந்தப் பக்க ஃபிளாஞ்ச் மூக்கை முட்டாமல் கொண்டுபோகத்தான். அச்சு 14.9 என்றால் செக் ரெயில் எவ்வளவு இழுத்தாலும் இந்தப் பக்கம் மூக்கில் முட்டும். காலையிலும் முட்டும், மாலையிலும் முட்டும்.

குறுகலான அச்சு வேற வியாதி. அது செக் ரெயிலுக்கும் எதிரே மூக்கை ஒட்டியுள்ள விங் ரெயிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகி மேலே ஏறும். பழைய பிரிட்டிஷ் பெட்டிகளைப் புதுப் பாயிண்டில் விட்டால் இதைப் பாக்கலாம்.

#22 அரம்_மன்னன்

ஆக மூக்கு நிரபராதி. சரி, தலை குனிகிறேன்.

ஆனாலும் அரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, விட மாட்டேன். அந்த நாக்கின் நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் நுனி மொண்ணை. நுனியின் மேல்விளிம்பையும், பாதை பக்கமுள்ள முகத்தையும் சரிவாக, கத்தி முனை மாதிரி, பத்துப் பதினைந்து மி.மீ. நீளத்துக்கு மெல்ல இழைக்கலாம். ஸ்டாக் ரெயில் பக்கமுள்ள முதுகைத் தொடாதீர்கள், தொட்டால் நாக்கு ஒட்டுவதே கெட்டுவிடும்.

#23 ஓய்வு_பாதைக்காரர்

இதை நான் ஆதரிக்கிறேன். எங்கள் ஆட்களும் நாக்கின் நுனியைக் கையால் தடவித்தான் பார்ப்பார்கள்.

மாடி_ரயில் தம்பிக்கு: இணைப்பை மதிய வெயிலில் வெட்டுங்கள். பாயிண்டுக்கு முன்னால் ஓர் அடி தள்ளி இரண்டு தண்டவாளத்திலும் ஒரு வெட்டு, லூப் பக்கமும் நேர் பக்கமும் அதேபோல். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பம் போதும். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி மதியத்தில் இருந்தால், காலையில் அது ஒரு மில்லி ஆகிவிடும், சக்கரம் தாங்கும். காலையில் வெட்டி கார்டு அளவு வைத்தால் மதியம் மறுபடி முட்டிக்கொள்ளும். வெட்டிய இடத்தில் இணைப்புத் தகடு மட்டும் சறுக்கும்படி இருக்கட்டும், ஈயம் வேண்டாம். கரண்டுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் தனி ஒயர்.

#24 அகலப்பாதை_வெறியன்

குறுக்கே வருகிறேன். நம்முடைய 1676 மி.மீ. அகலப்பாதையை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. நீங்கள் எல்லாம் 16.5இல் ஐசிஎஃப் ஓட்டுகிறீர்கள். அது வெளிநாட்டு 1435 பாதை. பெட்டி ஒல்லிக் காலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. இதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லையா?

#25 மாடி_ரயில்

இருக்கிறது அண்ணா. முதலில் ஒல்லிக் காலிலாவது நிற்கட்டும்.

#26 மாடி_ரயில்

நாலு நாள் கழித்து வருகிறேன்.

முதலில் அச்சை மட்டும் சரிசெய்தேன். பெவிக்விக்கைச் சுரண்டி, சக்கரத்தைத் திருகித் திருகி உள்ளே தள்ளி 14.5க்குக் கொண்டுவந்தேன். அன்று மதியம் இருபது தடவை விட்டதில் இரண்டு தடவை இறங்கியது. ஆனால் இந்த முறை இறங்கியது மூன்றாவது பெட்டி இல்லை. ஒருமுறை முதல் பெட்டி, இன்னொருமுறை நாலாவது. ஆக இவையும் இத்தனை நாள் பிழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

மறுநாள் மதியம் தண்டவாளத்தை வெட்டினேன். முதல் வெட்டு விழுந்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம், ரம்பத்தை இரண்டு முனையும் கவ்விப் பிடித்துக்கொண்டன. அவ்வளவு அழுத்தம் உள்ளே இருந்திருக்கிறது. ஸ்டாக் ரெயில் தானாகத் திரும்பி உட்கார்ந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். பில் காகிதம் வைத்து இழுத்தால், 2 மணி வெயிலில், கிழிகிறது.

நாக்கின் நுனி நகத்தில் தட்டியது, இழைத்தேன். பெட்டிக்கு உள்ளே டயர் கடையில் ஒட்டும் ஈயக் கட்டி வாங்கி ஒட்டி எல்லாவற்றையும் 160க்கு மேல் கொண்டுவந்தேன். நேற்று மதியம் 40 தடவை லூப்புக்கு விட்டேன். ஒன்றுகூட இறங்கவில்லை. வீட்டில் கீழே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், சாப்பிடப் போகவில்லை.

மிச்சம் ஒன்று: நான் அராவிய மூக்கு. இப்போது எல்லாப் பெட்டியும் அங்கே லேசாகக் குழியில் இறங்கி ஏறுகிறது.

#27 குட்டிப்பாதை

ஃபிளாஞ்ச் ஓடும் பள்ளத்தின் அடியில் ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டுங்கள். ஒரு ஷீட் 0.1 மி.மீ. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். சக்கரம் குழியில் விழாமல் ஃபிளாஞ்சின் மேலேயே அந்த இரண்டு மில்லியைத் தாண்டிவிடும். இரண்டு அல்லது மூன்று ஷீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள், அதிகமானால் அதுவே தூக்கிவிடும்.

#28 அரம்_மன்னன்

அந்த ஷீட் செலவு என் கணக்கில்.

#29 ஓய்வு_பாதைக்காரர்

நானும் இப்போது திருச்சியில்தான் இருக்கிறேன் தம்பி, மகள் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் பாயிண்டைப் பார்க்கலாமா? காலையில் வேண்டாம், மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன்.

#30 மாடி_ரயில்

வாங்க சார். மோர் கரைத்து வைக்கிறேன். தலைக்கு ஈரத் துண்டு நீங்கள் கொண்டு வர வேண்டும்.